தமிழ் வகுப்புக்கு யார் காசு?
சுவிஸ் நிதியுதவிகள் பற்றிச் சில விளக்கங்களும் ஒரு விவாதமும்

புதன்கிழமை பிற்பகல்களில் சுவிஸ் பாடசாலைகளுக்கு விடுமுறை. அந்த வெறுமையான வகுப்பறைகளில்தான் எமது தமிழ் வகுப்புகளிற் பல நடக்கின்றன. மற்றவர்களுடைய கரும்பலகை, மற்றவர்களுடைய கதிரை. போகும்போது எல்லாவற்றையும் இருந்தபடி வைத்துவிட்டுப் போகவேண்டும். இருபது வருடங்களுக்கு மேலாக இப்படிக் கற்பித்தவள் நான். காலையில் துப்புரவு வேலை, மத்தியானம் சமையல், பிற்பகலில் 'ரீச்சர்'. என்னோடு கற்பித்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். எங்களுக்குக் கிடைத்தது போக்குவரத்துச் செலவும் வருட முடிவில் ஒரு பொன்னாடையும்.

அண்மையில் ஒரு பெற்றோர் கூட்டத்தில் மாநில நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொன்னேன். ஒரு தகப்பன் எழும்பிக் கேட்டார்: "உவையளிட்டப் போய்க் கையேந்தச் சொல்லுறியளோ ரீச்சர்? எங்கட பிள்ளையளுக்கு நாங்கள் படிப்பிப்பம்." கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்குப் பதிலாகத்தான் இக்கட்டுரை. நிதியுதவி எங்கே, எவ்வாறு, எந்த நிபந்தனைகளோடு கிடைக்கின்றது என்பதை விளக்குவது முதல் நோக்கம். அதைக் கேட்பது பிச்சையா உரிமையா என்பதை விவாதத்துக்கு விடுவது இரண்டாவது.

எமது கூச்சத்தின் வரலாறு

இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. அதன்பின் பிறந்த எமது தலைமுறைக்கு ஆசிரியர் சம்பளம் என்பது அரசு தருவது. அதற்கு யாரும் விண்ணப்பம் எழுதுவதில்லை. அதற்கு முந்திய தலைமுறைகளுக்கு நிலைமை வேறு. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டபின், யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் வரலாற்றில் பெரும்பகுதி 'உதவி நன்கொடை'யின் வரலாறுதான். எந்தப் பாடசாலைக்கு அரசு காசு, எந்த மதத்தவருக்கு முன்னுரிமை, பரிசோதகர் எதைப் பார்த்துக் கொடுக்கிறார் என்பவை அன்று பெரும் அரசியற் கேள்விகள். மிஷன் பாடசாலைகளுக்கு எதிராகச் சைவப் பாடசாலைகளை எழுப்பியவர்கள் ஒருபுறம் ஊர்ப்பணம் சேர்த்தார்கள், மறுபுறம் அரசிடம் நியாயம் கேட்டார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது அவர்களுக்கு முரண்பாடாகப் படவில்லை. ஆகவே அந்தத் தகப்பன் சொன்ன தன்மானம் எமது மரபு அல்ல. அது இடையில் ஏற்பட்ட ஒரு மறதி.

அரசில்லாதவரின் மொழி

சுவிஸில் தாய்மொழி வகுப்புகளை 'தாய்நாட்டு மொழியும் பண்பாடும்' என்று அழைப்பார்கள். ஆசிரியர்கள் சுருக்கமாக 'ஹா எஸ் கா' என்பார்கள். இந்தப் பெயரிலேயே ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது: ஒவ்வொரு வெளிநாட்டுப் பிள்ளைக்கும் ஒரு தாய்நாடு உண்டு, அந்த நாட்டுக்கு ஒரு தூதரகம் உண்டு, அந்தத் தூதரகம் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கும். இத்தாலியருக்கு அவ்வாறே நடந்தது. வெளிநாட்டிலுள்ள இத்தாலியத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கான வகுப்புகளுக்கு இத்தாலி 1971இலேயே சட்டம் இயற்றியது. போர்த்துக்கல், ஸ்பெயின், துருக்கி ஆகிய அரசுகளும் தமது ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்து வந்துள்ளன.

தமிழருக்கும் குர்தியருக்கும் யார் கொடுப்பது? எம்மைத் துரத்திய அரசின் தூதரகமா? 1990களில் கொசோவோ அல்பானியரும் இதே நிலையில்தான் இருந்தார்கள். தமது ஆசிரியர்களை வேலைநீக்கம் செய்த அரசிடம் அவர்கள் எதையும் எதிர்பார்க்க முடியவில்லை. பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். ஆக, சுவிஸ் அமைப்பு கண்ணுக்குத் தெரியாத ஒரு பாகுபாட்டைக் கொண்டிருக்கிறது. அரசுள்ள பிள்ளையின் தாய்மொழி சம்பளத்தில் நடக்கிறது. அரசற்ற பிள்ளையின் தாய்மொழி தாய்மாரின் ஓய்வு நேரத்தில் நடக்கிறது.

இப்படித்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. சுவீடன் 1977இல் தாய்மொழிக் கல்வியை உள்ளூராட்சிகளின் கடமையாக்கியது. ஆசிரியருக்குச் சம்பளம் அங்கிருந்தே வருகிறது. சுவிஸ் அந்தப் பாதையிற் போகவில்லை. ஆனால் அரைவாசித் தூரம் வந்து நின்றிருக்கிறது. அந்த அரைவாசித் தூரத்தைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1991இல் மாநிலக் கல்வி அமைச்சர்களின் மாநாடு, பிறமொழிப் பிள்ளைகளின் தாய்மொழி வகுப்புகளுக்கு வாரம் குறைந்தது இரண்டு பாடவேளைகளை ஒதுக்கும்படி மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டளை அல்ல. 2009இல் நடைமுறைக்கு வந்த 'ஹார்மோஸ்' உடன்படிக்கை, அதிற் சேர்ந்த 15 மாநிலங்களையும் இவ்வகுப்புகளுக்கு ஒழுங்கமைப்பு ரீதியாக உதவக் கடமைப்படுத்துகிறது. ஒழுங்கமைப்பு உதவி என்றால் வகுப்பறை, தகவற் பரிமாற்றம் போன்றவை. சம்பளம் அதற்குள் இல்லை. அதே பிரிவு ஒரு நிபந்தனையையும் வைக்கிறது: வகுப்புகள் மத, அரசியல் நடுநிலையைப் பேணவேண்டும். இதற்குப் பின்னர் வருகிறேன்.

2007இல் நிறைவேறி 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி மொழிச் சட்டத்தின் 16ஆம் பிரிவு எமக்கு மிக முக்கியமானது. பிறமொழியாளரின் முதல் மொழி அறிவை வளர்ப்பதற்கு மத்திய அரசு நிதி வழங்கலாம் என்று அது சொல்கிறது. இங்கு இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, 'வழங்கலாம்' என்பதுதான் சொல், 'வழங்கவேண்டும்' அல்ல. மற்றது, பணம் மாநிலங்களுக்கே போகிறது, சங்கங்களுக்கு அல்ல. ஆகவே பேர்ணிலுள்ள கூட்டாட்சிப் பண்பாட்டு அலுவலகத்துக்கு நேரடியாக எழுதிப் பயனில்லை. மாநிலக் கல்வித் திணைக்களத்தைக் கொண்டு விண்ணப்பிக்க வைக்க வேண்டும். அதுவும் புதிய முயற்சிகளுக்கே: வழமைப் பாடசாலையோடு இணைந்த வகுப்பு, ஆசிரியர் பயிற்சி, பாடநூல் உருவாக்கம். சூரிச் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தாய்மொழி ஆசிரியர்களுக்கான கைந்நூல் வரிசையொன்றை அல்பானியம், போர்த்துக்கேயம், துருக்கியம் உள்ளிட்ட மொழிகளில் வெளியிட்டிருக்கிறது. அம்மாதிரியான வேலைகளுக்குத் திணைக்களத்தின் கதவைத் தட்டுவது யார் என்பதே கேள்வி.

அங்கீகாரமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சூரிச்சில் கல்வித் திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்பின் வகுப்பிற் படித்தால் அந்தப் புள்ளி பிள்ளையின் பாடசாலை அறிக்கையில் ஏறும். அதற்கு அமைப்பு இலாப நோக்கற்றதாக, நடுநிலையானதாக இருக்கவேண்டும். மாநிலத்தின் பாடத்திட்டச் சட்டகத்தை ஏற்கவேண்டும். அங்கீகாரம் காசு அல்ல. ஆனால் காசு கேட்கும் கடிதத்தில் முதலில் எழுதக்கூடிய வரி அதுதான்.

காசு இருக்கும் இடங்கள்

முதலாவது, லொத்தர் நிதி. லொத்தர் சீட்டின் நிகர இலாபம் முழுவதும் பொதுநலனுக்கே, குறிப்பாகப் பண்பாடு, சமூகப் பணி, விளையாட்டு ஆகியவற்றுக்கே போகவேண்டும் என்று அரசியலமைப்பின் 106ஆம் பிரிவு கூறுகிறது. ஜேர்மன் மொழி மாநிலங்களுக்கும் தெசினுக்கும் 'சுவிஸ்லோஸ்', பிரெஞ்சு மொழி மாநிலங்களுக்கு 'லொத்தெரி றொமாந்த்'. கியோஸ்க்கில் எம்மவர் வாரந்தோறும் வாங்கும் சீட்டுகளின் இலாபமும் இந்த நிதிக்குள்தான் போகிறது. அதைத் திருப்பிக் கேட்க மட்டும் எமக்குக் கூச்சம்.

இரண்டாவது, மாநில ஒருங்கிணைப்பு நிகழ்ச்சித் திட்டங்கள். 2014 முதல் மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து இவற்றுக்கு நிதியளிக்கின்றன. நகரசபைகளின் ஒருங்கிணைப்பு அலுவலகங்கள் சிறு சங்கங்களின் திட்டங்களுக்கு உதவுவது இந்த வழியில்தான். பாடசாலைக்கு முந்திய வயதுப் பிள்ளைகள், பெற்றோர் கல்வி, அயலவரோடு சேர்ந்து வாழ்தல் ஆகியவை இங்கு செல்லுபடியாகும் சொற்கள்.

மூன்றாவது, பாடசாலை வழியான உதவிகள். இவை சுவிஸ் பாடசாலையின் வகுப்பாசிரியர் விண்ணப்பிக்க வேண்டியவை. 2013இல் உருவான 'எடுக்காசியோன் 21' என்ற நிறுவனம் சுற்றுச்சூழல், மனித உரிமை, இனவாத எதிர்ப்பு போன்ற விடயங்களில் வகுப்புகளின் செயற்திட்டங்களுக்கு உதவி வந்துள்ளது. 2001இல் தொடங்கிய கூட்டாட்சி இனவாத எதிர்ப்புச் சேவையும் பாடசாலைத் திட்டங்களை ஆதரித்திருக்கிறது. சூரிச் மாநிலத்தில் பிறமொழிப் பிள்ளைகள் அதிகமுள்ள பாடசாலைகளுக்கு 'குவிம்ஸ்' என்ற திட்டத்தின் கீழ் மேலதிக நிதி கிடைக்கிறது. அங்கு படிப்பிக்கும் எமது இரண்டாந் தலைமுறை ஆசிரியர்களுக்கு இக்கதவு உள்ளிருந்தே திறந்திருக்கிறது.

நான்காவது, தனியார் அறக்கட்டளைகள். இந்தச் சிறிய நாட்டில் பொதுநல அறக்கட்டளைகள் 13,000க்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலானவை சிறியவை, ஒரு மாநிலத்துக்கு, சிலவேளை ஒரு ஊருக்கு மட்டும் உரியவை. 1957 முதல் மிக்றோவின் விதிமுறைகளில் இடம்பெற்றுள்ள 'பண்பாட்டு வீதம்' போன்ற நிறுவன நிதிகளும் உண்டு. இங்கு விதி ஒன்றே: அறக்கட்டளையின் நோக்கத்தை முதலில் வாசி, பொருந்தாவிட்டால் எழுதாதே. ஒரே கடிதத்தை ஐம்பது இடத்துக்கு அனுப்புவது நேர விரயம் மட்டுமல்ல, பெயரையும் கெடுக்கும்.

இரண்டு விண்ணப்பங்களின் கதை

1998இல் நாங்கள் எழுதிய முதல் விண்ணப்பம் ஒன்றரைப் பக்கம். தமிழ் மொழியின் தொன்மை பற்றி ஒரு பக்கம். மண்டப வாடகை, பரிசளிப்பு விழா, ஆசிரியர் கொடுப்பனவு ஆகியவற்றுக்குப் பணம் தேவை என்று அரைப்பக்கம். இரண்டு வரியிற் பதில் வந்தது: நடைமுறைச் செலவுகளுக்கு நாம் உதவுவதில்லை. நாங்கள் அதை இனத்துவேசம் என்று பேசிக்கொண்டோம். பிறகுதான் விளங்கியது. நிதி தருபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் தொடக்கமும் முடிவும் உள்ள 'செயற்திட்டத்துக்கு' மட்டுமே தருகிறார்கள். வாடகைக்கும் சம்பளத்துக்கும் முடிவில்லை. அவற்றைத் தொடங்கினால் நிறுத்த முடியாது என்பது அவர்களது பயம்.

சில ஆண்டுகளின் பின் இரண்டாவது விண்ணப்பம். பிள்ளைகள் தமது அம்மம்மா, அப்பம்மாவிடம் ஒரு கதையைக் கேட்டுத் தமிழில் எழுதுவது. நாங்கள் இரவல் வாங்கிய வகுப்பறையின் சுவிஸ் ஆசிரியை தனது வகுப்போடு அதை ஜேர்மனில் எழுதுவது. இரண்டும் ஒரே புத்தகமாக வருவது. மொத்தச் செலவு 7400 பிராங் என்று காட்டினோம். அச்சுக்கு 2600, ஓவியருக்கு 1800, பொருட்களுக்கும் போக்குவரத்துக்கும் 600, இரண்டு தமிழ் ஆசிரியைகளின் 80 மணித்தியால வேலைக்கு, மணிக்கு 30 பிராங் வீதம், 2400. வரவு: பெற்றோரிடமிருந்து 1000, எமது கூலியில்லா உழைப்பு 2400, கேட்ட உதவி 4000. கேட்டது முழுதாகக் கிடைத்தது.

இந்தக் கணக்கில் எல்லாப் பாடங்களும் இருக்கின்றன. நிதி தருபவர் தனியே முழுச்செலவையும் ஏற்பதில்லை. உங்கள் பங்கு என்ன என்று கேட்பார். கூலியில்லா உழைப்பையும் மணிக்கணக்கில் எழுதினால் அது உங்கள் பங்கு. வேலை தொடங்கியபின் கேட்டால் அநேகமாகக் கிடைக்காது. மாதங்களுக்கு முன்பே கேட்கவேண்டும். எத்தனை பிள்ளைகள், எத்தனை வயது, எந்தத் திகதிக்குள், முடிவில் கையில் என்ன இருக்கும் என்று சொல்லவேண்டும். தமிழின் தொன்மைக்கு ஒரு வரி போதும். ஒரு சுவிஸ் பாடசாலையோ நூலகமோ கைச்சாத்திட்டால் கடிதத்தின் எடை இரட்டிப்பாகும். முடிந்தபின் இரண்டு பக்க அறிக்கையும் பற்றுச்சீட்டுகளும் அனுப்பவேண்டும். இதை மறக்கும் சங்கத்துக்கு இரண்டாந்தரம் கதவு திறக்காது.

ஆனால் அந்த 2400 பிராங்கைத் திரும்பப் பாருங்கள். முதன்முறையாக எமது வேலைக்கு ஒரு தாளில் விலை எழுதப்பட்டது. அதே தாள் அந்த விலையை 'அன்பளிப்பு' என்று திருப்பி எடுத்துக்கொண்டது. என்னோடு அந்த வேலையைச் செய்த தோழி, வீட்டுக்குப் போய்க் கணவனுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டியதாகச் சொன்னாள். காசுக்காக அல்ல, கணக்குக்காக. அதன்பின் எழுதிய விண்ணப்பங்களில் மதிப்பூதியத்தைச் செலவுப் பக்கத்தில் வைத்து, அதற்கும் பணம் கேட்டோம். செயற்திட்டத்துக்குள் அடங்கும் மணித்தியாலங்களுக்கு ஊதியம் கேட்கலாம். வருட முழுதுக்கும்தான் கேட்க முடியாது. சிலர் தந்தார்கள், சிலர் வெட்டினார்கள்.

சங்கமும் கணக்கும்

விண்ணப்பிக்க ஒரு சட்டபூர்வ அமைப்பு வேண்டும். சுவிஸ் குடியியற் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி சங்கம் அமைப்பது மிக எளிது: நோக்கம், வளம், நிர்வாகம் ஆகியவற்றைக் கூறும் எழுத்திலான யாப்பு இருந்தாற் போதும். பதிவுக் கட்டணம் கட்டாயமில்லை, குடியுரிமை தேவையில்லை. யாப்பையும் கணக்கையும் மாநில வரித் திணைக்களத்துக்கு அனுப்பிப் பொதுநல அமைப்பாக வரிவிலக்குக் கோரலாம். கிடைத்தால், நன்கொடை தருபவர் மத்திய வருமான வரியில் தனது நிகர வருமானத்தின் 20 வீதம் வரை கழிக்க முடியும். வரிவிலக்கு இல்லாத சங்கத்துக்குப் பல அறக்கட்டளைகள் பணம் தருவதேயில்லை.

இங்குதான் உண்மையான சிக்கல். கணக்குக் காட்டவேண்டும். பொதுக்கூட்டம் கூட்டி, கணக்குப் பரிசோதகரின் அறிக்கையை வாசித்து, உறுப்பினர் கையுயர்த்தி ஏற்கவேண்டும். எம்மிடையே காசு சேர்ப்பதற்கு நீண்ட அனுபவம் உண்டு; கணக்குச் சொல்வதற்கு இல்லை. கோயிலுக்குக் கொடுத்தோம், இயக்கத்துக்குக் கொடுத்தோம், 'எங்கே போனது' என்று கேட்டவன் துரோகியானான். 2018 ஜூனில் பெலின்சோனாவிலுள்ள கூட்டாட்சிக் குற்றவியல் நீதிமன்றம், இயக்கத்துக்கான நிதிசேகரிப்பு வழக்கில், குற்றவியல் அமைப்புக்கு ஆதரவளித்ததாகக் கூறிய குற்றச்சாட்டிலிருந்து அனைவரையும் விடுவித்தது. வங்கிக் கடன்கள் தொடர்பான மோசடிக்காகச் சிலரைத் தண்டித்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை உறுதிப்படுத்தியது. சட்டம் அதோடு முடித்துக்கொண்டது. ஆனால் தன் சம்பளச் சான்றிதழில் கடனெடுத்துக் கொடுத்துவிட்டு வருடக்கணக்காகத் திருப்பிக் கட்டிய குடும்பங்களுக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை. இனிமேல் எமது பிள்ளைகளின் வகுப்புக்காவது கணக்குச் சொல்லும் ஒரு பழக்கம் வருமென்றால், அதுவே நிதியுதவியின் முதற் பயன் என்பேன்.

நடுநிலை என்ற நிபந்தனை

நண்பர்கள் சிலர் கேட்பார்கள்: அரசின் காசை வாங்கினால் அரசின் சொல்லையும் வாங்கவேண்டும் அல்லவா? எமது வரலாற்றைப் படிப்பிக்காதே என்பார்களா? 'செயற்திட்டம்' என்ற பெயரில் எம்மை அரசுசாரா நிறுவனங்களின் எடுபிடிகளாக்குவார்களா? இக்கேள்விகளை நான் இலேசாக ஒதுக்கவில்லை. செயற்திட்டப் பண்பாட்டின் தீமையைக் கண்டிருக்கிறேன். பிள்ளைக்கு எது தேவை என்று பார்க்காமல், இந்த வருடம் எந்தச் சொல்லுக்குக் காசு என்று பார்த்துத் திட்டம் தீட்டும் சங்கங்கள் எம்மிடையேயும் உண்டு. வருடத்தில் நாற்பது வாரம் அகரம் படிப்பிப்பதற்கு எவரும் தருவதில்லை. ஒரு நாள் விழாவுக்குத் தருகிறார்கள்.

ஆனால் நடுநிலை என்பது மௌனம் அல்ல. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது என்று பிள்ளைக்குச் சொல்வதை எந்த மாநிலமும் தடுக்கவில்லை. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள் என்று சொல்வதையும் தடுக்கவில்லை. இரண்டாவதைச் சொல்லவிடாமல் தடுத்தது நாங்கள்தான். வகுப்பறைச் சுவரில் யாருடைய படம், எந்தத் தெய்வத்துக்கு விளக்கு என்ற கேள்விகளை மாநிலம் கேட்பதற்கு முன்னரே நாம் கேட்டிருக்க வேண்டும். சைவப் பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து படிக்கக்கூடிய தமிழ் வகுப்பு எமக்கே தேவை. சுவிஸ் அதிகாரிக்காக அல்ல.

அந்தத் தகப்பனுக்கு நான் அன்று சொன்ன பதில் இதுதான்: அண்ணை, நீங்களும் இருபது வருடமாக இந்த நாட்டில் வரி கட்டுறியள். உங்கட வரியிலை பாடசாலை நடக்குது. அந்தப் பாடசாலையிலை உங்கட பிள்ளையின்ர மொழிக்கு ஒரு மணித்தியாலம் கேக்கிறது கையேந்தலோ? அவர் பதில் சொல்லவில்லை. கைதட்டலும் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு சிறு விண்ணப்பமும் ஒரு பெரிய கோரிக்கையின் துண்டு என்றே நான் கருதுகிறேன். நாலாயிரம் பிராங் கேட்கும்போது, அரசற்ற பிள்ளையின் மொழிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியையும் சேர்த்துத்தான் மேசையில் வைக்கிறோம். குர்தியரோடும் அல்பானியரோடும் சேர்ந்து அதை வைத்தால் மாநிலக் கல்வித் திணைக்களத்துக்கு அதை ஒதுக்குவது கடினமாகும். அதுவரை கரும்பலகையைத் துடைத்து, கதிரைகளை இருந்தபடி வைத்து, மாலை துப்புரவு வேலைக்கு ஓடும் ரீச்சர்மாரின் மணித்தியாலங்களைக் குறைந்தபட்சம் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குவோம். விண்ணப்பத்தின் முதற் பக்கம் அந்தக் கொப்பிதான்.

இதற்கு மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதவேண்டும். குறிப்பாக, கைதட்டியவர்கள்.